ஜீப்ரா டிஎஸ்2208 முதல் பெயர் தெரியாத வயர்லெஸ் வரை: பார்கோடு ஸ்கேனரில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கல்லாவில் வைக்க ஒரே ஒரு ஸ்கேனர் வேண்டும், ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்பவர்கள் ஜீப்ராவின் டிஎஸ்2208-ஐ வாங்கிக்கொள்ளலாம். கேபிள் உள்ள மாடல். சாதாரண பார்கோடு, க்யூஆர், டேட்டா மேட்ரிக்ஸ் என்ற சதுரக் குறியீடு, கைபேசித் திரையில் நீட்டப்படும் கூப்பன் என எல்லாவற்றையும் படிக்கும். ஸ்டாண்டில் நிறுத்தினால் விசையை அழுத்தாமலே படிக்கும். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தாலும் தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஹனிவெல், டேட்டாலாஜிக் இரண்டிலும் இதே தரத்தில் 2டி மாடல்கள், அதாவது க்யூஆர் போன்ற கட்டக் குறியீடுகளையும் படிப்பவை, உண்டு. படிப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டிஎஸ்2208-க்கு ஓட்டுப் போடக் காரணம், 123ஸ்கேன் என்ற அதன் இலவச அமைப்பு மென்பொருள். டேட்டாலாஜிக்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: படித்து முடித்ததும் லேபிளின் மேலேயே ஒரு பச்சைப் புள்ளியை அடித்துக் காட்டும். இயந்திர இரைச்சலில் பீப் கேட்காத இடத்தில் அதன் அருமை தெரியும்.

படிக்கும் வேகத்தை வைத்து ஸ்கேனரைத் தேர்ந்தெடுப்பது மட்டும் வேண்டாம். ஒழுங்காக அச்சான லேபிளை இன்று எந்த ஸ்கேனரும் நொடியில் படித்துவிடும். தகராறெல்லாம் படித்த பிறகுதான் வருகிறது. எண் எந்தக் கட்டத்தில் விழுகிறது, எழுத்து மாறாமல் விழுகிறதா, கேபிள் எத்தனை மாதம் உழைக்கும் என்பவைதான் கடையில் அன்றாடம் கழுத்தறுப்பவை.

முதலில் ரகங்கள். லேசர் ஸ்கேனருக்குள் ஒரு சிறு கண்ணாடி ஆடிக்கொண்டே இருக்கும். அது ஒரு சிவப்புக் கோட்டை லேபிளின் குறுக்கே இழுக்கும். ஹனிவெல் வாயேஜர் 1200ஜி இந்த ரகம். கோடு பார்கோடு படிப்பதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் க்யூஆர் படிக்காது, கைபேசித் திரையையும் படிக்காது. லீனியர் இமேஜர் என்ற இரண்டாவது ரகத்தில் ஆடும் பாகம் இல்லை. திரையில் உள்ள கோடு பார்கோடை எடுக்கும், க்யூஆர் மட்டும் வராது. மூன்றாவது ஏரியா இமேஜர். இது கேமரா போலப் படமே எடுத்துவிடுவதால் லேபிள் தலைகீழாக இருந்தாலும் பக்கவாட்டில் இருந்தாலும் கவலையில்லை. சில்லறைக் கல்லாக்கள் எல்லாம் 2027 முடிவதற்குள் 2டி குறியீடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. கோடு மட்டும் படிக்கும் ஸ்கேனரைப் புதிதாக வாங்க இப்போது காரணமே இல்லை. ஏற்கெனவே இருக்கும் லேசரைத் தூக்கிப் போடவும் அவசியமில்லை. ஸ்டாக் எடுக்கிற வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

பழையது வாங்குகிறவர்கள் மாடல் பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஜீப்ராவின் வழக்கப்படி எல்எஸ் என்றால் லேசர், எல்ஐ என்றால் லீனியர் இமேஜர், டிஎஸ் என்றால் 2டி. எல்எஸ்2208-உம் டிஎஸ்2208-உம் எண்ணில் ஒன்று, வேலையில் முற்றிலும் வேறு. எல்எஸ் மாடலின் உடம்பில் சிம்பல் என்றோ மோட்டோரோலா என்றோ பெயர் இருந்தால் போலி என்று பதற வேண்டாம். சிம்பல் நிறுவனம் 2007-இல் மோட்டோரோலாவிடம் போனது. 2014-இல் அந்தப் பிரிவு ஜீப்ராவின் கைக்கு வந்தது.

விவரத்தாளில் ‘படிக்கும் தூரம்’ என்று போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் மில் கணக்கு இருக்கும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பார்கோடின் மிக மெல்லிய கோட்டின் அகலத்தை இதில்தான் சொல்வார்கள். 13 மில், அதாவது 0.33 மி.மீ., கடைப் பொருட்களில் உள்ள இஏஎன் பார்கோடின் முழு அளவு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற தூரம் 13 மில்லுக்கோ அதற்கும் பெரிய லேபிளுக்கோ உரியது. மின்னணுப் பாகங்களிலும் நகைச் சீட்டிலும் வருகிற 5 மில் லேபிளுக்குத் தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அந்த வேலைக்குப் பெயரின் முடிவில் ஹெச்டி என்று வரும் மாடல்கள் தேவை. அவற்றைக் கொண்டுபோய் அட்டைப்பெட்டி லேபிளில் காட்டினால் திணறும். ஈஆர் என்று முடியும் நீள்தூர மாடல்கள் உயரமான அலமாரியில் ஒட்டிய பெரிய லேபிளைத் தரையில் நின்றபடியே எடுத்துவிடும். கையில் பிடித்த சின்ன லேபிளில் அந்த அளவுக்குச் சுகப்படாது. எல்லாவற்றையும் செய்யும் ஒரே ஸ்கேனர் என்று யாராவது விற்க வந்தால், உங்களிடம் உள்ளதிலேயே சின்ன லேபிளையும் பெரிய லேபிளையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கீபோர்டாக நடிக்கும் கருவி

யூஎஸ்பியில் செருகியதும் ஸ்கேனர் தன்னை ஒரு கீபோர்டு என்றே கணினியிடம் சொல்லிக்கொள்ளும். அதனால்தான் டிரைவர் எதுவும் இல்லாமல் உடனே வேலை செய்கிறது. பாதித் தொல்லையும் அங்கேதான் பிறக்கிறது. ஸ்கேனர் எழுத்தை அனுப்புவதில்லை, ‘இந்த விசை அழுத்தப்பட்டது’ என்ற தகவலைத்தான் அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினியில் அப்போது இருக்கும் கீபோர்டு அமைப்பு. பில்லில் பெயர் அடிக்கத் தமிழ்99-க்கு மாறிவிட்டுத் திரும்ப மறந்தால், கோட் 128 என்ற, எழுத்தும் கலந்த பார்கோடு வகை லேபிள் தமிழ் எழுத்தாக விழும், அல்லது பாதி விழாமலே போகும். எண் மட்டும் உள்ள இஏஎன் லேபிள்கள் அப்போதும் சரியாகவே ஓடும். அதனால் பழி லேபிள் மேல் விழுகிறது, இருநூறு லேபிளை மறுபடி அச்சடிக்கிறார்கள். கேப்ஸ் லாக் போட்டிருந்தாலும் இதே கதை: பெரிய எழுத்து சின்னதாகும், சின்னது பெரியதாகும்.

தீர்வு இரண்டு. ஆல்ட் விசையும் எண் பலகையும் சேர்த்து ஒவ்வொரு எழுத்தையும் அதன் குறியீட்டு எண்ணாக அனுப்பும் அமைப்பு பெரும்பாலான பிராண்டு ஸ்கேனர்களில் உண்டு. அதைப் போட்டால் விண்டோஸில் கீபோர்டு மொழி எதுவானாலும் எழுத்து மாறாது, ஆனால் வேகம் குறையும். இன்னொன்று, பில்லிங் சாஃப்ட்வேர் ஏற்றுக்கொள்ளுமானால் கீபோர்டு வேடத்தையே கலைத்து, யூஎஸ்பி வழியே சீரியல் போர்ட்டாக மாற்றிவிடுவது. அப்போது கர்சர் எங்கே நின்றாலும் தகவல் நேராக சாஃப்ட்வேருக்குப் போகும். முடிந்தவர்கள் இதையே செய்ய வேண்டும்.

படித்த எண்ணுக்குப் பின்னால் என்ன அனுப்புவது என்பது அடுத்த விஷயம். புதிய ஸ்கேனரில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், என்டர் வைத்தும் வரலாம். பில்லிங் திரைக்குப் பொதுவாக என்டர் சரி. பிரௌசரில் பல கட்டங்கள் உள்ள படிவமானால் முதல் ஸ்கேனிலேயே என்டர் படிவத்தை அனுப்பிவிடும். அங்கே டேப் வைக்க வேண்டும். சில ஸ்கேனர்கள் என்டரோடு சேர்த்து லைன் ஃபீட் என்ற குறியையும் அனுப்பும். கீபோர்டு மொழியில் அது கன்ட்ரோலும் ஜே-யும் சேர்ந்த அழுத்தம். குரோமில் அதற்குப் பொருள் ‘டவுன்லோடு பக்கத்தைத் திற’. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டவுன்லோடு பக்கம் தானாகத் திறக்கிறது, வைரஸ் புகுந்துவிட்டது என்று கணினியையே ஃபார்மட் செய்யுமுன் பின்னொட்டில் உள்ள லைன் ஃபீடை எடுத்துப் பாருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக பில் போடுகிற இடங்களில் 13 இலக்கத்தில் ஒன்றிரண்டு காணாமல் போகும். ஸ்கேனர் அடிக்கிற வேகத்துக்கு இணைப்பு ஈடுகொடுக்காததுதான் காரணம். விசைகளுக்கு இடையே 20 அல்லது 40 மில்லிவினாடி இடைவெளி வைத்தால் நின்றுவிடும். எக்செலில் நேரடியாக ஸ்கேன் செய்பவர்கள் முதலில் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் உள்ள சைபர் விழுந்துவிடும். அதைவிட மோசம், எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். சரக்குப் பெட்டிகளில் வருகிற 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் சைபராகிவிடும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் போனது போனதுதான்.

மருந்துப் பெட்டிகளில் உள்ள டேட்டா மேட்ரிக்ஸ் தனி ரகம். அதற்குள் பல தகவல்கள் வரிசையாக இருக்கும்: 01 என்று தொடங்கி 14 இலக்கப் பொருள் எண், 17 என்று தொடங்கி ஆறு இலக்கக் காலாவதித் தேதி, 10 என்று தொடங்கி பேட்ச் எண், 21 என்று தொடங்கி வரிசை எண். முதல் இரண்டுக்கும் நீளம் நிலையானது. பேட்ச் எண் 20 எழுத்து வரை எவ்வளவும் இருக்கலாம் என்பதால், அது முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான் வைக்கிறார்கள்; ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு வரிசையில் அதன் எண் 29. கீபோர்டு வேடத்தில் அந்தப் பிரிப்பான் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பேட்ச் 4471, வரிசை எண் 9083 என்றால் திரையில் விழுவது 104471219083. இதில் பேட்ச் எங்கே முடிகிறது என்று எந்த சாஃப்ட்வேராலும் சொல்ல முடியாது. சீரியல் போர்ட்டுக்கு மாறுங்கள், அல்லது அந்தப் பிரிப்பானுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒரு குறியை அனுப்பும்படி அமைத்து, சாஃப்ட்வேரிலும் அதைச் சொல்லி வையுங்கள். மருந்து வியாபாரத்துக்கு ஸ்கேனர் வாங்குபவர்கள் இந்த மாற்று வசதி இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பெயர் தெரியாத மலிவு ஸ்கேனர்கள் பல இந்த இடத்தில்தான் கைவிடும்.

அமைக்கும் வரிசை

கையேட்டில் உள்ள அமைப்பு பார்கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தே எல்லாவற்றையும் மாற்றலாம். முதலில் ஃபேக்டரி டீஃபால்ட், அதாவது ஆலையிலிருந்து வந்த அமைப்புக்கே திருப்புவது. அடுத்து இணைப்பு வகை, பிறகு கீபோர்டு நாடு (கணினியில் உள்ள கீபோர்டு அமைப்பு எந்த நாட்டுடையது என்பது), பின்னொட்டு, கடைசியாக எந்தெந்த பார்கோடு வகைகள் வேண்டும் என்பது. டீஃபால்டை நடுவில் படித்தால் அதுவரை செய்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால்தான் இந்த வரிசை. ஒரே பக்கத்தில் நெருக்கமாக ஆறேழு பார்கோடு இருக்கும்; 2டி ஸ்கேனர் பக்கத்தில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாதவற்றைக் கையாலோ காகிதத்தாலோ மூடிவிட்டுப் படியுங்கள். லேசர் என்றால் பிடிஎஃப்பைத் திரையில் காட்டிப் பயனில்லை, அச்சடித்தே ஆக வேண்டும். பிறகு நோட்பேடைத் திறந்து சில லேபிள்களைப் படித்து, கோட்டுக்குக் கீழே அச்சாகியுள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். நேராக பில்லிங் திரையில் சோதித்தால் தவறு ஸ்கேனரிலா சாஃப்ட்வேரிலா என்று தெரியாது.

தேவையில்லாத பார்கோடு வகைகளை மூடிவைப்பது அவசியம். முக்கியமாக இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5 என்ற, எண் மட்டும் உள்ள கோடு பார்கோடு வகை. அதன் அமைப்பு எப்படியென்றால், லேசர் கோடு லேபிளின் ஓரத்தில் சாய்வாக வெட்டிப் போனாலும் குறைந்த இலக்கத்தில் ஒரு எண்ணாகப் படித்துத் தொலைக்கும். பீப்பும் அடிக்கும். அட்டைப்பெட்டிகளில் இதே வகையின் 14 இலக்க வடிவமான ஐடிஎஃப்-14 தேவைப்படுகிறவர்கள் நீளத்தை 14 என்று பூட்டிவிட வேண்டும். மற்றவர்கள் அந்த வகையையே அணைத்துவிடலாம். ஸ்டாண்டில் வைத்துப் படிக்கும்போது ஒரே பொருள் இரண்டு முறை பில்லில் ஏறினால், அதே பார்கோடை மறுபடி ஏற்கும் இடைவெளியை நீட்டிவிடுங்கள். ஒரு வினாடி வைத்தாலே பெரும்பாலும் போதும்.

ஸ்கேனரைத் திட்டுமுன் லேபிளைப் பாருங்கள்

சொந்தமாக லேபிள் அச்சடிக்கும் கடைகளில் ‘ஸ்கேனர் படிக்கலை’ என்று வரும் புகாரில் பெரும்பங்கு அச்சில் உள்ளது. மலிவான தெர்மல் பிரிண்டர்கள் 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி. ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஒரு புள்ளி 0.125 மி.மீ. இஏஎன் முழு அளவின் மெல்லிய கோடு 0.33 மி.மீ. இரண்டு புள்ளி வைத்தால் 0.25, மூன்று வைத்தால் 0.375. நடுவில் உள்ள 0.33 இந்தப் பிரிண்டரால் அச்சடிக்க முடியாத அளவு. பார்கோடைப் படமாக எடுத்து இழுத்துச் சுருக்கி ஒட்டினால், பிரிண்டர் ஒரு கோட்டை இரண்டு புள்ளியாகவும் பக்கத்துக் கோட்டை மூன்று புள்ளியாகவும் போட்டுவிடும். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஸ்கேனருக்கு அகல விகிதமே கெட்டுப்போயிருக்கும். 0.25 வைத்தால் முழு அளவில் 76 சதவீதம்தான் வரும். இஏஎன்னுக்கு அனுமதித்த குறைந்தபட்சம் 80 சதவீதம். ஆகவே 203 டிபிஐயில் மூன்று புள்ளிதான் வழி, லேபிளும் அதற்கேற்ற அகலம் வேண்டும். 300 டிபிஐ பிரிண்டரில் நான்கு புள்ளி சேர்ந்தால் ஏறக்குறைய 0.34, கச்சிதம். எதுவானாலும் பார்கோடைப் படமாக ஒட்டாமல், லேபிள் சாஃப்ட்வேரின் பார்கோடு வசதியிலேயே உருவாக்க வேண்டும்.

இரண்டு ஓரத்திலும் வெற்றிடம் வேண்டும். இஏஎன்-13-க்கு இடப்பக்கம் மெல்லிய கோட்டைப் போல 11 மடங்கு, வலப்பக்கம் 7 மடங்கு. முழு அளவில் இது இடப்பக்கம் 3.6 மி.மீ.க்கும் வலப்பக்கம் 2.3 மி.மீ.க்கும் சற்றே கூடுதல். அழகுக்காக பார்கோடைச் சுற்றிக் கட்டம் போடுகிறவர்களும், இடம் மிச்சமென்று விலையை ஒட்டி அச்சடிக்கிறவர்களும் இதைத்தான் காலி செய்கிறார்கள். மங்கலாக இருக்கிறது என்று பிரிண்டரின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போவதும் தப்பு: கோடுகள் ஊதி, இடைவெளி அடைபடும். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட பெட்டியைச் சிவப்பு ஒளி ஸ்கேனர் வெறும் வெள்ளையாகத்தான் பார்க்கும். பளபளப்பான லேமினேஷனை நேருக்கு நேர் பிடித்தால் ஒளி திரும்பி அடித்துக் கண் கூசிவிடும், கொஞ்சம் சாய்த்தால் படிக்கும்.

பிரிண்டர் தலையில் ஒரு புள்ளி எரிந்துபோனால், காகிதம் ஓடும் திசையிலேயே ஒரு வெள்ளைக்கோடு விழும். பார்கோடின் கோடுகளும் அதே திசையில் இருந்தால் ஒரு கோடு முழுதாக அழிந்து, ஒரு லேபிளும் படிக்காது. லேபிளை 90 பாகை திருப்பி அச்சடித்தால் அந்த வெள்ளைக்கோடு குறுக்கே வெட்டிப் போகும், படிப்பதற்குத் தடையில்லை. புதிய தலை வரும்வரை சமாளிக்க இது போதும்.

வயர் வேண்டாமா?

கல்லாவிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் நகராத இடத்தில் வயர்லெஸ் வீண் செலவு, சார்ஜ் போட மறக்கும் தொல்லை வேறு. கனமான மூட்டையைத் தூக்காமல் ஸ்கேனரைக் கொண்டுபோக வேண்டிய இடத்தில்தான் அது தேவை. அப்படித் தேவைப்பட்டால் டிஎஸ்2278. டிஎஸ்2208-இன் கேபிளில்லா வடிவம். ஸ்கேனரை வைத்துச் சார்ஜ் போடும் தொட்டிலோடு சேர்த்து வாங்குங்கள். ஸ்கேனர் தொட்டிலோடு பேசும், தொட்டில் யூஎஸ்பியில் கணினியோடு பேசும். கணினியில் புளூடூத் ஜோடி சேர்க்கும் வேலையே இல்லை. கைபேசியிலோ டேப்லெட்டிலோ நேரடியாகச் சேர்த்தால் திரையில் வரும் கீபோர்டு மறைந்துவிடும். ஸ்கேனரை இன்னொரு கீபோர்டு என்று அது நம்புவதால்தான். விசையை இருமுறை அழுத்தினாலோ கையேட்டில் உள்ள ஒரு பார்கோடைப் படித்தாலோ திரும்ப வரவழைக்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள்.

சின்ன டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மலிவு மாடல்கள் ஒரு மேசைக் கடைக்குத் தாராளமாகப் போதும். அடிக்கடி துண்டித்தால், டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 துளையிலிருந்து எடுத்து, ஒரு சிறு நீட்டிப்பு கேபிளில் மாட்டித் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 இணைப்பு எழுப்பும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இவற்றின் உண்மையான குறை பேட்டரி. உள்ளேயே ஒட்டி வைத்திருப்பார்கள், அது தளர்ந்தால் ஸ்கேனரும் போச்சு.

கிடங்கில் இவற்றில் எதுவும் நிற்காது. தூசி, நீர்ப் பாதுகாப்பைச் சொல்லும் ஐபி எண்ணில் டிஎஸ்2208-இன் ஐபி42 என்பது 1 மி.மீ.க்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது, மேலிருந்து சொட்டும் நீரைத் தாங்கும் என்ற அளவுக்குத்தான். தூசிக்குப் பாதுகாப்பு இல்லை. சிமென்ட், மாவு, குளிர் அறை என்றால் ஐபி65-உம் அதற்கு மேலும் உள்ள ஜீப்ரா 3600 வரிசை, ஹனிவெல் கிரானிட் பக்கம் போக வேண்டும். கனமும் விலையும் கூடும்.

எந்த ரகமானாலும் முதலில் சாவது கேபிள், அதுவும் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில். வாங்கும்போது கைப்பிடியின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிறு துளை ஒன்று இருந்து, அதில் பேப்பர் கிளிப்பை நுழைத்தால் கேபிள் கழன்று வருகிறதென்றால், கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேபிளை உள்ளேயே பற்றவைத்திருந்தால் ஒரு வயர் அறுந்ததும் முழு ஸ்கேனரையும் மாற்ற நேரும். ‘காலையில் முதல் ஸ்கேன் மட்டும் வருவதில்லை’ என்பது கேபிள் கோளாறில்லை; மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் யூஎஸ்பியைத் தூங்கவைத்துவிடுகிறது. பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்தால் தீரும்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு 123ஸ்கேனில் அமைப்பு முழுவதையும் பார்கோடாக அச்சடித்து, கல்லாவின் உள்பக்கம் ஒட்டி வைக்கலாம். ஹனிவெல்லுக்கு ஈஇசட்கான்ஃபிக், டேட்டாலாஜிக்குக்கு அலாடின். மாற்று ஸ்கேனர் வரும்போது அதைப் படித்தால் பழைய அமைப்பு அப்படியே ஏறிவிடும். அதோடு அமைப்பு பார்கோடுகளை ஏற்கும் வசதியை மூடிவிடுங்கள். அந்தத் தாளை வேலையாள் தெரியாமல் படித்துவிட்டாலும் ஒன்றும் மாறாது.